சாவேரியோ தாத்தா அனுப்பிய பொம்மை

அத்தியாயம் 9

சென்ற வாரம் நின்ஃபாவைக் கப்பல் அறைக் கண்ணாடியின் முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். இந்த வாரமும் அங்கேயேதான் நிற்கிறாள். கறுப்புக் கோட்டின் பித்தான்களைப் போடுகிறாள், கழற்றுகிறாள், மறுபடி போடுகிறாள்.

கைப்பைக்குள் தங்கை என்சாவின் கடிதம் இருக்கிறது. செப்டம்பரில் வந்தது. நான்கே வரி.

“நவம்பர் இரண்டு, காலை பதினோரு மணி. சாவேரியோ தாத்தாவின் முன்னால் இருப்பேன். அதற்குள் ஒர்னெல்லாவிடம் நீயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.”

என்ன சொல்ல வேண்டும் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: ஒர்னெல்லாவைப் பெற்றவள் நின்ஃபா அல்ல, என்சா. அப்போது என்சாவுக்கு இருபது வயது, கல்யாணம் ஆகவில்லை. தையல் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று ஊருக்குச் சொல்லி, ஜெனோவாவில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஏழு மாதம் கழித்துத் தையலும் வராமல், கையில் பிள்ளையும் இல்லாமல் பலெர்மோவுக்குத் திரும்பி வந்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷமாகக் காலியாக இருந்த நின்ஃபாவின் மடி நிறைந்தது.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது அக்காவும் தங்கையும் கபுச்சின் சாமியார் மடத்து நிலவறைக்குப் போனார்கள். அங்கே பதப்படுத்திய உடலாகச் சுவரோடு நிறுத்தியிருக்கும் எள்ளுத்தாத்தா சாவேரியோவின் கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள். உயிரோடிருந்த காலத்தில் அவர் பத்திரம் எழுதிய மனிதர். குடும்பத்தில் எந்தச் சிக்கலானாலும் அவர் முன்னால் தீர்ப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். பெண்ணின் பதினெட்டாவது பிறந்தநாளன்று நின்ஃபா உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதுவரை என்சா வாய் திறக்கக் கூடாது. என்சா தன் பங்கைக் காப்பாற்றினாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நின்ஃபா ஒரே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவள்.

“அம்மா, இன்னுமா பித்தான் போடறே? கோட்டு தேஞ்சு போயிடும்.” ஒர்னெல்லா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஜெனோவா மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். நல்ல உயரம். பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இந்தக் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்ததும் அவள்தான். ‘வழியில் பலெர்மோ வருகிறது, அம்மாவும் சித்தியும் பார்த்துக்கொள்ளட்டும், எதற்கென்றே தெரியாத சண்டை முடியட்டும்’ என்பது அவள் கணக்கு. பாவம், அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

“கீழே கப்பல்காரங்களே பஸ் விடறாங்களாம். நிலவறையைச் சுத்திக் காட்டிட்டு வருவாங்களாம்” என்றாள் நின்ஃபா. நாற்பது பேர் நடுவில் யாரும் எந்த உண்மையும் பேச முடியாது. அந்த ஆசைதான்.

“நம்ம தாத்தாவைப் பார்க்க, கொடி பிடிச்சவன் பின்னாடி வரிசையில போகணுமா? நாமளே போவோம். ஒன்றரைக்குள்ள கப்பல்ல ஏறிடணும், ரெண்டுக்கு எடுத்துடுவான். நேரம் தாராளமா இருக்கு.”

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பலெர்மோவில் இறந்தவர்கள் நாளன்று தூறாமல் நான் பார்த்ததில்லை. இந்த ஊரில் குடியேறி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

துறைமுக வாசலைத் தாண்டியதும் எங்கு பார்த்தாலும் சாமந்திப்பூ. கல்லறைக்குப் போகிற கூட்டம் கை நிறையப் பூவோடு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனது. மிட்டாய்க் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சர்க்கரைப் பொம்மைகள் அடுக்கியிருந்தன. நேற்று ராத்திரி இறந்துபோன சொந்தக்காரர்கள் வந்து வைத்துவிட்டுப் போனதாகச் சொல்லி, இன்று காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். செத்தவர்கள் நம்மை மறக்கவில்லை என்று பிள்ளைகள் சர்க்கரையைக் கடித்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஒர்னெல்லா கடை முன்னால் நின்றுவிட்டாள்.

“அதோ பாரு, என் பொம்மை. நீலப் பாவாடை ஆட்டக்காரி! சாவேரியோ தாத்தா வருஷா வருஷம் எனக்கு இதையேதான் அனுப்புவார். மனுஷன் ஒரு வருஷமாவது மாத்தினாரா?”

“இந்த வயசிலயும் உனக்குப் பொம்மை கேக்குதா?”

“நானா கேட்டேன்? அவரா அனுப்பறார். போன வருஷம் கூட வந்துது. நான் கடிச்சுப் பார்த்து, பல்லுதான் ஆடிச்சு.”

சிரித்துக்கொண்டே பணப்பையைத் திறந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தாள். ஏழு வயதில் வந்த பொம்மையோடு இருந்தது அது. “என் தங்கக் குட்டிக்கு, உன் சாவேரியோ தாத்தா” என்று சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது. மடிப்பில் கிழிந்து, பின்னால் ஒட்டுப்போட்டிருந்தது.

“இதை இன்னுமா வெச்சிருக்கே?” என்று கேட்டாள் நின்ஃபா.

“செத்த மனுஷன் எழுதின கடுதாசி வேற யார்கிட்ட இருக்கு? அடிக்கடி நினைப்பேன், அந்தக் காலத்துல நீ யாரை எழுத வெச்சேன்னு. நீதான் மாட்டிக்கவே மாட்டேங்கறே.”

நின்ஃபா எதிர்ப்பக்கம் பார்த்தாள். பொம்மை அனுப்பியது யார் என்று அவளுக்குத் தெரியும். தபால்காரன் கொண்டுவரும் பெட்டியின் மேல் ஒட்டிய முகவரியை ஒவ்வொரு வருஷமும் அவள்தான் பிய்த்துப் போட்டாள்.

சந்துகளின் வழியே சதுக்கத்துப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பழைய வீடுகள். சில கதவுகளின் குறுக்கே கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது, அதில் வெள்ளை எழுத்து. ஒர்னெல்லா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

“என் கணவருக்காக. என் தம்பிக்காக. இங்க பாரு, என் மாமனாருக்காக. ஏம்மா, யாருன்னு பேரே போட மாட்டாங்களா?”

“பேர் எதுக்கு? யார் போனாங்கன்னு தெருவுக்குத் தெரியும். வீட்டுல இருக்கறவங்களுக்குப் போனவங்க என்ன உறவு, அதைத்தான் சொல்லணும். ரத்த உறவு, இல்ல கட்டின உறவு, அவங்கதான் ஒட்டலாம்.”

“ஒட்ட ஆளே இல்லேன்னா?”

“கதவு சும்மா இருக்கும்.” நின்ஃபா கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அதைவிடக் கேவலம் இந்த ஊர்ல கிடையாது.”

நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. மணி பத்தே கால். இதைவிட நல்ல நேரம் வராது என்று நின்ஃபாவுக்கே தெரிந்தது. கப்பலில் ஏறியதிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஒர்னெல்லா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

ஒர்னெல்லா குடையைச் சாய்த்து அம்மாவின் தோள் நனையாமல் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையால் அவள் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். அது போதும், நாக்கு நுனியில் இருந்த வாக்கியம் திரும்ப உள்ளே போய்விட்டது. பதினெட்டாவது பிறந்தநாளன்றும் இதேதான் நடந்தது. கேக்கின் முதல் துண்டை இவள் வாயில் ஊட்ட வந்தாள் அந்தப் பெண். ஊட்டிய கையைப் பிடித்துக்கொண்டு நான் உன் அம்மா இல்லை என்று எப்படிச் சொல்வது?

“பஸ்ஸு வருது” என்றாள் நின்ஃபா.

ஒர்னெல்லா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பஸ் வரவில்லை. அது வர இன்னும் இருபது நிமிஷம் ஆயிற்று.

நிலவறைப் படிகளில் இறங்கும்போது மணி பதினொன்று ஆக ஐந்து நிமிஷம் இருந்தது. மேலே சீட்டுக் கிழிக்கும் சாமியார், “படம் எடுக்காதீங்க, எதையும் தொடாதீங்க, பன்னெண்டரைக்கு மூடிடுவோம்” என்று தலை நிமிராமல் சொன்னார்.

கீழே குளிர் வேறு மாதிரி இருந்தது. பழைய துணி, சுண்ணாம்பு, ஈரமில்லாத மண், இவற்றின் வாசனை. இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக அவர்கள் நின்றார்கள். கோட்டு போட்டவர்கள், அங்கி போட்டவர்கள், தலை ஒரு பக்கம் சாய்ந்தவர்கள், வாய் திறந்தவர்கள். உள்ளே வந்த பயணிகள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியில் தூங்குவதுபோல் கிடக்கும், பெயர்போன குழந்தைச் சடலத்தைத் தேடிப் போய்விட்டார்கள். நின்ஃபா எதையும் பார்க்கவில்லை. ஆண்கள் வரிசை, வலப்பக்கம் திரும்பினால் வக்கீல்களும் வைத்தியர்களும், மூன்றாவது வளைவு. கால்களுக்கு வழி மறக்கவில்லை.

அவர் அங்கேயே இருந்தார். கறுப்புக் கோட்டு பழுப்பாகியிருந்தது. வலது கையுறை போய்விட்டது. கீழ்த்தாடை இறங்கி, யாரோ பேசப்போவதைக் காது கொடுத்துக் கேட்பவர் மாதிரி தலையைக் குனிந்திருந்தார்.

“வணக்கம் தாத்தா” என்றாள் ஒர்னெல்லா. “பொம்மைக்கெல்லாம் ரொம்ப நன்றி.” பிறகு குனிந்து பார்த்துவிட்டு, “வலது மணிக்கட்டு உடைஞ்சு சேர்ந்திருக்கு, தெரியுதா? உயிரோட இருந்தப்பவே உடைஞ்சது. எழுதற கையாச்சே, கஷ்டப்பட்டிருப்பார்” என்றாள்.

பிழைப்பே எலும்பு பார்ப்பது. அவளுக்கு இங்கே பயம் இல்லை. பயந்தவள் நின்ஃபா. அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதானே சத்தியம் செய்தாள்? இப்போது நடுவில் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். தாத்தா கம்பிக்கு அந்தப் பக்கம்.

மணி பதினொன்று. என்சா இல்லை.

பதினொன்று பத்து. ஒரு ஜெர்மானியத் தம்பதி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

“சித்தி வருவாங்களா?” என்று கேட்டாள் ஒர்னெல்லா. “கடைசியா நான் பார்த்தப்போ எனக்குப் பதினோரு வயசு. என் தலையை வாரிப் பின்னிவிட்டாங்க. வலிக்குதுன்னு கத்தினேன். அவங்க அழுதுட்டாங்க. கத்தினது நான், அழுதது அவங்க. இன்னும் நினைச்சாச் சிரிப்பா வரும்.”

பதினொன்றே கால். பதினொன்று இருபது. யாரும் வரவில்லை.

அப்போது நின்ஃபாவின் மனதில் வந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். அப்பாடா, தப்பித்தோம் என்கிற சந்தோஷம். என்சாவுக்குக் கோபம் தீர்ந்திருக்கும், அல்லது மனசு மாறியிருக்கும். இன்னும் இரண்டரை மணி நேரத்தில் கப்பல் கிளம்பிவிடும். தன் தங்கை வராததற்கு அவள் சாவேரியோ தாத்தாவுக்கே நன்றி சொன்னாள்.

“நீங்க நின்ஃபாவா? ஜெனோவா அக்காவா?”

பின்னால் ஒரு குள்ளமான பெண்மணி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். நனைந்த தலைமுக்காடு. கையில் கயிறு கட்டிய செருப்புப் பெட்டி.

“நான் மெல்கியோரா. என்சாவுக்குப் பக்கத்து வீடு. மன்னிச்சுக்கோங்க, பஸ்ஸுல கூட்டம். சரியா பதினோரு மணிக்கு வந்து நில்லுன்னு அவ தலையில அடிச்சுச் சொல்லியிருந்தா.”

“அவ எங்க?” என்றாள் நின்ஃபா.

மெல்கியோரா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, முக்காட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“போயிட்டாம்மா. போன மாசம் இருபத்தொண்ணாம் தேதி. நுரையீரல். கோடையிலேருந்தே முடியாமத்தான் இருந்தா. உங்க விலாசத்தைக் கொடு, சொல்லி விடறேன்னு எத்தனையோ தடவை கேட்டேன். கொடுக்கவே இல்ல. ரெண்டாம் தேதி அவங்களே வருவாங்க, அதுவரைக்கும் யாரும் சொல்லக் கூடாதுன்னுட்டா. பிடிவாதம் பிடிச்சவ, உங்களுக்குத் தெரியாததா?”

நின்ஃபா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை உள்ளே விட்டு, தாத்தாவின் கையை எட்டப் பார்த்தாள். விரல் நுனிக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. முழங்கைவரை விட்டும் எட்டவில்லை.

“தொடாதீங்கம்மா!” என்று தூரத்திலிருந்து காவலாள் குரல் கொடுத்தான்.

ஒர்னெல்லா ஓடிவந்து அவள் கையை மெதுவாக வெளியே இழுத்தாள். “அம்மா, போதும்மா. வா, உட்காரு.” உட்கார அங்கே இடமில்லை. மகளின் தோளில் முகத்தை வைத்து நின்ஃபா அழுதாள். சற்று முன் சந்தோஷப்பட்டதற்கும் சேர்த்துத்தான் அழுதாள்.

மெல்கியோரா கயிற்றை அவிழ்த்தாள். “ரெண்டு பேரும் வந்தா இதை இவர் காலடியில வெச்சுக் காட்டச் சொன்னா. அப்புறம் பொண்ணுகிட்ட கொடுக்கணுமாம்.”

வைக்கோலுக்கு நடுவில் ஒரு சர்க்கரைப் பொம்மை. நீலப் பாவாடை ஆட்டக்காரி. இடுப்பில் கட்டிய நூலில் ஒரு சீட்டு. “என் தங்கக் குட்டிக்கு, உன் சாவேரியோ தாத்தா.” சாய்ந்த எழுத்து. இந்த முறை கொஞ்சம் நடுக்கம்.

ஒர்னெல்லா குனிந்து அதைப் படித்தாள். பிறகு பணப்பையிலிருந்த பழைய சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எக்ஸ்ரே படங்கள் இரண்டை வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிடுகிற அவள் பார்வை நின்ஃபாவுக்குத் தெரியும். அதில் எதுவும் தப்பாது.

“சித்தியா அனுப்பினாங்க?”

“ஆமா.”

“எல்லா வருஷமுமா?”

“ஆமா.”

“என்னைப் பார்க்கவே அவங்களுக்குப் பிடிக்காதுன்னு சொன்னியேம்மா. அதனாலதான் வர்றதில்லைன்னியே.”

நின்ஃபா கோட்டின் மேல் பித்தானைக் கழற்றி மறுபடி போட்டாள்.

“வேண்டாத ஒருத்திக்கு எதுக்கு நாப்பத்தஞ்சு வருஷம் பொம்மை அனுப்பணும்?”

“இங்க மூச்சு முட்டுது” என்றாள் நின்ஃபா. “மேல போவோம்.”

என்சாவின் வீடு அங்கிருந்து முக்கால் மணி நடை. தூறல் நின்றிருந்தது. மெல்கியோரா வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள். சவ அடக்கத்துக்குத் தெருவே வந்தது, பங்குச் சாமியார் நன்றாகப் பேசினார், என்சா தைத்துக் கொடுத்த திரைச்சீலைதான் இன்னும் கோயிலில் தொங்குகிறது. ஆக, ஜெனோவாவில் வராத தையல் பின்னால் வந்திருந்தது. ஒர்னெல்லா பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எப்போதும் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள்.

சந்தின் கடைசியில் பச்சைக் கதவு. மணி பன்னிரண்டே முக்கால்.

கதவு சும்மா இருந்தது.

எதிர்வீட்டில் பட்டை இருந்தது, நிறம் மங்கிய ஒன்று. அதற்கு அடுத்த வீட்டிலும் இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் சாவு விழுந்த வீட்டின் கதவில் மட்டும் எதுவும் இல்லை.

“நான் பக்கத்து வீட்டுக்காரிதானேம்மா” என்றாள் மெல்கியோரா, தன் மேல் குற்றம் வந்துவிடப் போகிறது என்கிற அவசரத்தில். “எனக்கென்ன பாத்தியதை இருக்கு ஒட்ட? தினமும் இதைத் தாண்டிப் போறப்போ தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போறேன். உங்களுக்காக வாங்கி வெச்சிருக்கேன், இருங்க.”

தன் வீட்டுக்குள் போய் இரண்டு சுருளோடும் ஒரு சாவியோடும் வந்தாள்.

“உள்ளே எல்லாம் அப்படியேதான் இருக்கு. நான் பெருக்கறதோட சரி. பூ மட்டும் வேற யாரோ வெச்சுட்டுப் போறாங்க. ரெண்டாவது சாவி யார்கிட்ட கொடுத்திருந்தான்னு என்கிட்ட சொன்னதில்ல. கேட்டா, அது பழைய கதை, விடுன்னுவா.”

நின்ஃபாவுக்கு அது யாராக இருக்கும் என்று தெரியும். ஆனால் அதைப் பற்றி நினைக்க இது நேரமில்லை.

“இந்தாங்க, உங்களுக்கு வாங்கினது.” மெல்கியோரா முதல் சுருளைப் பிரித்தாள். என் சகோதரிக்காக.

“இன்னொண்ணு?” என்றாள் ஒர்னெல்லா. அவள் குரலில் கிண்டல் சுத்தமாக இல்லை.

“அதை விடும்மா. அது அவளே முடியாம இருக்கறப்போ கடைக்குப் போய் வாங்கினது. வந்தவங்ககிட்ட கொடு, ஒட்ட வேண்டியவங்க ஒட்டுவாங்கன்னா. காய்ச்சல்ல தப்பானதை எடுத்துட்டா, பாவம். அவளுக்கேது பிள்ளை குட்டி? தூக்கிப்போட மனசு வரல, அவ கைபட்டதாச்சே.”

ஒர்னெல்லா சுருளை வாங்கிப் பிரித்தாள்.

என் தாய்க்காக.

சந்தில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. எங்கேயோ வாணலியில் எதுவோ பொரிந்தது. மெல்கியோரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

“அம்மா” என்றாள் ஒர்னெல்லா. பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இது தப்பா வாங்கினதா?”

நின்ஃபா கொடுத்துவைத்தவள். ஆயுசு முழுக்க அவள் தேடித் தேடிச் சொன்ன பொய்களில் இவ்வளவு சுலபமானது ஒன்றுகூட இல்லை. வேறொருத்தி சமைத்து, தட்டில் போட்டு, கையில் கொடுத்திருக்கிறாள். ஆமாம், காய்ச்சல், பாவம் என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். இவள் நம்புவாள். நம்ப விரும்புவாள். தன் பட்டையை ஒட்டிவிட்டு, இன்னொன்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டாக்ஸி பிடித்தால் ஒன்றே காலுக்குக் கப்பல். இனி உண்மை தெரிந்தவர்கள் யாரும் வாய் திறக்கப் போவதில்லை. புருஷன் எலிஜியோ போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. தங்கையும் போய்விட்டாள்.

ஆனால் கதவு சும்மா இருந்தது.

இருபது வயதில் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ரயில் ஜன்னலில் உட்கார்ந்து, அழாமல், “நல்லாப் பார்த்துக்கோ அக்கா” என்று மட்டும் சொன்னவளின் கதவு. இதற்கு மேல் அவளிடமிருந்து எதைப் பிடுங்க முடியும்?

“தப்பில்ல” என்றாள் நின்ஃபா. குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். “தப்பில்ல. அவ சரியாத்தான் வாங்கியிருக்கா. அது உனக்கு. நீதான் ஒட்டணும்.”

மெல்கியோரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒர்னெல்லா அழவில்லை. கத்தவில்லை. பெட்டியைப் படியில் பத்திரமாக வைத்தாள்.

“எப்போ சொல்றதா இருந்தே?”

“உன் பதினெட்டாவது பிறந்தநாளன்னிக்கு.”

“எனக்கு நாப்பத்தஞ்சு.”

“தெரியும்.”

“அவங்க உயிரோட இருந்தப்போ ஒரு தடவை…” ஒர்னெல்லா பாதியில் நிறுத்திக்கொண்டாள். கையைத் தூக்கித் தன் தலைமுடியைத் தொட்டாள், பின்னல் ஆரம்பிக்கிற இடத்தில். தொட்ட கை அங்கேயே நின்றது.

“நீ என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயந்தேன்” என்றாள் நின்ஃபா. “வேற ஒண்ணும் இல்ல. உன்னைக் கேட்டு அவ வாசல்ல வந்து நிப்பாளோன்னு ஒவ்வொரு நாளும் பயந்தேன். அவ வரவே இல்ல. சொன்ன வார்த்தையைக் காப்பாத்தினா. நான்தான் பாவி.”

ஒர்னெல்லா திரும்பிக் கதவின் முன்னால் போய் நின்றாள். பட்டையை உயரம் பார்த்து வைத்தாள், எடுத்தாள், கொஞ்சம் மேலே வைத்தாள். பின்புறக் காகிதத்தை உரித்து ஒரு முனையை ஒட்டிவிட்டு, உள்ளங்கையால் நீவிக்கொண்டே மறுமுனைக்குப் போனாள். நடுவில் ஒரு சுருக்கம் விழுந்தது. நகத்தால் அதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, ஒரு முகம் எட்டிப் படித்தது. தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

துறைமுகத்துப் பக்கமிருந்து லேசாகச் சங்குச் சத்தம் கேட்டது.

“ஒர்னெல்லா, மணியாகுது” என்றாள் நின்ஃபா. என்ன சொல்வதென்று தெரியாதவர்கள் நேரத்தைத்தான் சொல்வார்கள். “வாம்மா, போயிடலாம். கப்பல்ல போய்ப் பேசிக்கலாம். எல்லாத்தையும் சொல்றேன். நீ கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்றேன்.”

ஒர்னெல்லா மெல்கியோராவிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். பச்சைக் கதவு முதலில் மக்கர் செய்தது, பிறகு திறந்தது. உள்ளே இருட்டு. சாமந்திப்பூ வாசனை வந்தது. குனிந்து பொம்மைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நின்ஃபா தாங்கியிருப்பாள். ரயில் நிலையத்தில் யாரையோ வழியனுப்புகிற முகமாக இருந்தது அது. அப்படி ஒரு முகத்தை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், ரயில் ஜன்னலில்.

“என் பெட்டியை ஜெனோவாவுல இறக்கி வெச்சுடுங்க” என்றாள் ஒர்னெல்லா. “மழை மறுபடி வரும் போல இருக்கு. நீங்க கிளம்புங்க, பெரியம்மா.”

கதவு மெதுவாகத்தான் சாத்திக்கொண்டது.

நின்ஃபா தன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். பின்புறக் காகிதத்தை உரிக்க முயன்றாள். நகம் பிடிக்கவில்லை. மெல்கியோரா வாங்கி உரித்துக் கொடுத்தாள். மகள் ஒட்டியதற்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, அவளும் ஒட்டினாள்.

பிறகு படியில் உட்கார்ந்துகொண்டாள். மணி ஒன்று பத்து.